சகலை குடியிருக்கும் ஊர்

சென்னை, பெங்களூர் இரண்டில் குடியிருக்கத் தோதான ஊர் எது என்று கண்டுபிடிக்க மத்திய அரசுக்குப் பெரிய கணக்கெடுப்பு ஒன்று தேவைப்பட்டது. எனக்கு ஒரு சகலை போதும். மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டிய நான் அம்பத்தூரில் இருக்கிறேன். இளையவளைக் கட்டியவர் பெங்களூரில் மாரத்தஹள்ளிப் பக்கம் இருக்கிறார். அதனால் எங்கள் குடும்பத்தில் ஊர்ப்பேச்சு என்று ஒன்று தனியாகக் கிடையாது. "அங்கே என்னமா சில்லுனு காத்து!" என்று மனைவி சொன்னால் எனக்கு ஒரு மார்க் குறைந்தது என்று கணக்கு. "இங்கே புழுக்கம் தாங்கலை" என்றால் இரண்டு மார்க்.

2018-இல் எனக்கு ஒரு நல்ல காலம் வந்தது. மத்திய நகர்ப்புற விவகார அமைச்சகம் 111 நகரங்களை எடை போட்டு, எங்கே வாழ்வது எளிது என்று பட்டியல் வெளியிட்டது. சென்னைக்கு 14-ஆம் இடம். பெங்களூருக்கு 58. அந்தச் செய்தியைக் கத்தரித்து மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டேன். பர்ஸில் வேறு எதுவும் பெரிதாக இல்லாததால் தாராளமாக இடம் இருந்தது. சகலை வீட்டு விசேஷத்துக்குப் போனபோது பந்தியில் உட்கார்ந்து, ரசத்துக்கும் மோருக்கும் நடுவே அதை எடுத்து வாசித்தேன்.

2021 மார்ச்சில் அடுத்த பட்டியல் வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 49 நகரங்களில் பெங்களூர் முதலிடம், 66.70 மார்க். சென்னை நாலாவது இடம், 62.61. ஐம்பத்தெட்டிலிருந்து ஒன்றுக்கு! நடுவில் கொரோனா வந்ததைத் தவிர அந்த ஊரில் அப்படி என்னதான் நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அளக்கும் முறையை மாற்றிவிட்டோம், பழைய பட்டியலோடு ஒப்பிடக் கூடாது என்றார்கள். சகலைக்கு அதெல்லாம் தேவையில்லை. அவர் கத்தரிக்கவில்லை, மடிக்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, கீழே கைகூப்பும் படம் ஒன்றையும் போட்டார். அந்தப் பணிவுதான் எனக்குத் தாங்கவில்லை.

ராத்திரி தூங்காமல் பட்டியலின் உள்கணக்கைத் தோண்டினேன். தோண்டியது வீண்போகவில்லை. 'வாழ்க்கைத் தரம்' என்ற பிரிவில் முதலிடம் சென்னைக்குத்தான். 'பொருளாதாரத் திறன்' என்ற பிரிவில்தான் பெங்களூர் 78.82 வாங்கி எல்லோரையும் தூக்கி அடித்திருந்தது. இரண்டாவதாக வந்த டெல்லியே ஐம்பதை ஒட்டித்தான் நின்றது. அதாவது தரம் எங்களிடம், பணம் அவர்களிடம். அமைச்சக அதிகாரிகள் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நேரில் வந்து காபி குடித்துவிட்டு எழுதியது போலிருந்தது. விடிந்ததும் மனைவியிடம் காட்டினேன்.

"தரம்னா எதையெல்லாம் பார்த்தாங்களாம்?"

"வீடு, படிப்பு, சுகாதாரம், பாதுகாப்பு, போக்குவரத்து..."

"நம்ம வீட்டையா பார்த்தாங்க?" என்றாள்.

மார்க்கில் 30 சதவீதம் மக்களிடம் கருத்துக் கேட்டுப் போட்டதாம். 2020 ஜனவரியில் ஆரம்பித்து மார்ச்சில் முடித்திருக்கிறார்கள். இதுதான் சூட்சுமம் என்பது என் அபிப்பிராயம். ஜனவரி மாதத்தில் சென்னையைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். மே மாதத்தில் கேட்டிருந்தால் நாலாவது இடம் நாற்பதாவது ஆகியிருக்கும். என் வீட்டுக் கதவை அவர்கள் தட்டாததும் ஊருக்கு நல்லதுதான். திறந்திருப்பது மனைவி.

முதலில் நான் சென்னைக்காரன்தானா என்பதில் சகலைக்குச் சந்தேகம் உண்டு. எனக்கும் உண்டு. அம்பத்தூர் நகராட்சியைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தது 2011-இல். ஆனால் அதற்குப் பிறகும் நாங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தோம். சென்னை மாவட்டத்துக்குள் வந்தது 2018-இல்தான். சரி, வந்து சேர்ந்துவிட்டோம் என்று மூச்சுவிடுவதற்குள் 2022 ஜனவரி முதல் ஆவடிக்குத் தனி போலீஸ் கமிஷனர் போட்டு, எங்கள் ஸ்டேஷனை அங்கே சேர்த்துவிட்டார்கள். நாடாளுமன்றத் தொகுதியோ ஸ்ரீபெரும்புதூர். ஆகவே குப்பை எடுக்காவிட்டால் சென்னையில் புகார் சொல்ல வேண்டும். குப்பைத்தொட்டியையே எவனாவது தூக்கிக்கொண்டு போனால் ஆவடியில் சொல்ல வேண்டும். இரண்டிடத்திலும் கேட்கவில்லையென்றால் ஸ்ரீபெரும்புதூர் எம்.பி.யைப் பார்க்க வேண்டும். வாழ எளிதான நகரம் என்று எங்களுக்குக் கிடைத்த 62.61-இல் எத்தனை மார்க் எந்த ஆபீஸுக்குச் சேர வேண்டும் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.

பெங்களூரையும் 2025-இல் ஐந்து மாநகராட்சியாகப் பிரித்துவிட்டார்கள். "எங்க ஏரியா எதுல வருதுன்னு இன்னும் தெளிவா தெரியலை சகலை" என்று அவர் போனில் சொன்ன அன்று நான் காபி இரண்டு தடவை குடித்தேன்.

தட்பவெப்பத்தில் வாதாட என்னிடம் எதுவும் இல்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் கடலோடு கடலாக இருக்கிறோம். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி அடித்தது. பெங்களூரிலும் 2016 ஏப்ரலில் 39.2 அடித்ததே என்று நான் ஒரே ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருக்கிறேன். மே மாதம் சகலை போன் செய்து, "ராத்திரி போர்வை இல்லாம முடியலை" என்பார். நாங்களும் போர்வை போர்த்திக்கொண்டுதான் படுக்கிறோம், ஏ.சி. போட்டு. ரிமோட் மனைவியின் தலையணைக்கு அடியில் இருக்கும். இருபத்தாறில் வைப்பது கரண்ட் பில்லுக்கு நல்லது என்று நான் சொல்ல, இருபதில் வைப்பது குடும்பத்துக்கு நல்லது என்று அவள் சொல்ல, கடைசியில் குடும்பம்தான் ஜெயிக்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எங்கள் ஏ.சி. அதைக் கோடையின் முதல் வாரத்திலேயே குடித்துவிட்டு ஏப்பம் விடும். கர்நாடகத்தில் 2023 முதல் வீட்டுக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லை. சகலை வீட்டில் ஏ.சி.யே கிடையாது. மொட்டைத் தலைக்குச் சீப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டு, சடை போட்டிருக்கும் எங்களிடம் பில் நீட்டுகிறார்கள்.

ரயில் என்று வந்தால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கள் பக்கமாகத்தான் போயிற்று. பெங்களூருக்கு ரயில் வந்தது 1864-இல். அந்த எட்டு வருஷ மூப்பை நான் எந்த விருந்திலும் விட்டுக்கொடுத்ததில்லை. "அன்னிலேர்ந்து அதே பிளாட்பாரம்தானா சகலை?" என்று அவர் கேட்பார். கேட்கட்டும். அம்பத்தூரில் ஏறி சென்ட்ரலில் இறங்க 5 ரூபாய். பெங்களூர் மெட்ரோவில் 2025 பிப்ரவரியில் உச்சக் கட்டணம் 90 ரூபாய் ஆயிற்று. எங்கள் மின்சார ரயிலில் 90 ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே ஊர் சுற்றலாம். காலை எட்டரை மணி வண்டியில் அந்தக் குடும்பம் மொத்தமும் ஒற்றைக் காலில் நிற்க வேண்டியிருக்கும் என்பது வேறு விஷயம். நான் ஏறிய காலோடு இறங்கிய நாட்கள் குறைவு. யாருடைய கால் என்று தெரியாமல் ஏதோ ஒன்றை ஊன்றி இறங்கிவிடுவேன்.

இந்த ரயில் பெருமையில் ஒரு வேதனை இருக்கிறது. பெங்களூருக்குப் போகிற பிருந்தாவன், லால்பாக், சதாப்தி, வந்தே பாரத் எல்லாம் எங்கள் வீட்டுப் பின்னாலேயே கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி என்று பறக்கின்றன. நான் ஏறுகிற பெங்களூர் வண்டி எதுவும் அம்பத்தூரில் நின்றதில்லை. மேற்கே பெங்களூருக்குப் போக, முதலில் மூட்டை முடிச்சோடு கிழக்கே சென்ட்ரலுக்குப் போக வேண்டும். அங்கே ஏறி உட்கார்ந்து, திரும்பவும் நம் வீட்டு மொட்டைமாடியில் நாம் எடுக்க மறந்த துணி காய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். வந்தே பாரத் பிறந்ததே பக்கத்தில் ஐ.சி.எஃப்.-இல்தான். நம் பேட்டையில் பிறந்த பிள்ளை நம் ஸ்டேஷனில் நிற்க மாட்டேன் என்கிறது. தினமும் சாயங்காலம் மனைவி துணி எடுக்க மாடிக்குப் போவாள். பெங்களூர் வண்டி போகும். அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கீழே வந்து என்னைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள்.

சாலைக்கு வருவோம். டாம்டாம் என்ற நிறுவனம் உலகம் முழுக்க நெரிசலை அளக்கிறது. 2024 கணக்குப்படி பெங்களூரில் 10 கிலோமீட்டர் போகச் சராசரியாக 34 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது, உலகத்திலேயே மூன்றாவது மந்தமான ஊர். இதைப் படித்ததும் நான் துள்ளிக் குதித்தேன். கீழே இன்னும் கொஞ்சம் படித்தேன். சென்னையில் அதே தூரத்துக்குச் சுமார் 30 நிமிடம். வித்தியாசம் நாலே நிமிடம். அந்த நாலு நிமிடத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் சகலையிடம் எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? நாலு நிமிடம் பேசினேன்.

ஆனால் நெரிசலைக் கொண்டாடும் விதத்தில் அவர்கள் நம்மைவிடப் பண்பட்டவர்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சகலை காரிலேயே ஆபீஸ் மீட்டிங்கை முடிக்கிறார், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார், பச்சை விழுவதற்குள் மாமியாருக்கு மாத்திரை ஆர்டர் செய்கிறார். நம் பக்கத்தில் நெரிசல் என்றால் உழைப்பு. அம்பத்தூர் எஸ்டேட் 1964-இல் உருவானது. நான் கணக்கெழுதும் பட்டறையும் அங்கேதான். அந்தச் சந்துக்குள் நீள டிரெய்லர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் காட்சியைச் சகலை பார்க்க வேண்டும். கிளீனர் பையன் பின்னால் நின்று லாரியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டுவான். "வா... வா... வா... வலது ஒடி... வா... ஹோல்டேய்!" அவன் ஹோல்டேய் சொன்ன பிறகும் லாரி அரையடி வரும். அந்த அரையடியில்தான் என் ஸ்கூட்டர் இருக்கும். ஹார்ன் அடித்துப் பயனில்லை. இரும்புக் காயில் ஏற்றி வந்த டிரைவருக்கு ஸ்கூட்டர் ஹார்ன் கேட்பதில்லை. இறங்கி, பின்னால் நிற்கும் நாலு பேரைக் கும்பிட்டு, வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு பின்னால் போக வேண்டும். கார் மீட்டிங்கெல்லாம் இங்கே நடக்காது.

பூந்தமல்லியில் 2025 மார்ச்சில் மெட்ரோ ரயிலைச் சோதனைக்கு ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டுநர் இல்லாத ரயில். பயணிகளும் இல்லை. அதனால் மிகவும் ஒழுங்காக ஓடியதாகக் கேள்வி. பெங்களூரில் விமானம் செய்கிறார்கள் என்று சகலை சொல்லும்போதெல்லாம், எங்கள் ஆவடியில் ராணுவ டாங்கி செய்கிறார்கள் என்று நான் சொல்வது வழக்கம். மழைக்காலத்தில் எங்கள் உள்தெருக்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொழிற்சாலையை எதற்காக இந்தப் பக்கம் வைத்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

இனி தண்ணீர். இரண்டு ஊருக்கும் பத்துப் பொருத்தமும் கூடிவருவது இந்த ஒன்றில்தான்.

பெங்களூருக்குக் காவிரியை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, அரை கிலோமீட்டர் உயரத்துக்கு மோட்டார் வைத்து ஏற்றுகிறார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாவது கட்டத்தையும் திறந்தார்கள், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். எங்களுக்கும் காவிரி உண்டு, வீராணம் ஏரி வழியாக 2004-இலிருந்து வருகிறது. கிருஷ்ணாவும் உண்டு, 1996-இலிருந்து, ஆந்திரா மனசு வைக்கும்போது. இவ்வளவு ஆறுகளும் எங்கள் தெருமுனைவரை வந்து அங்கே யோசிக்கத் தொடங்கிவிடுகின்றன. எங்கள் வீட்டில் தண்ணீர் நாலு ரகம். குடிக்கக் கேன். சமைக்க மெட்ரோ வாட்டர். குளிக்க லாரித் தண்ணீர். மற்றதற்கெல்லாம் போர். போர் தண்ணீர் பிடித்த பக்கெட்டில் ஒரு வாரத்தில் மஞ்சள் கோடு ஒன்று விழும். அந்தக் கோட்டை வைத்தே பக்கெட்டின் வயதைச் சொல்லிவிடலாம். எந்தக் குடத்தில் எந்த ரகம் என்பது மனைவிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். ஒருமுறை சகலை வந்திருந்தபோது, பெரிய மனிதர் தோரணையில் நானே டீ போட்டுக் கொடுத்தேன். "டீயில ஏதோ தனி ருசி இருக்கு சகலை" என்றார். மனைவி உள்ளே போய்க் குடத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, சகலைக்கு வயிறு சரியாக இருக்கிறதா என்று சாயங்காலம்வரை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. எங்கள் பக்கத்தில் அது தண்ணீர் லாரி விஷயத்தில் முழுமையாக நிறைவேறிவிட்டது. மாடி வீட்டுக்காரரும் ஓட்டு வீட்டுக்காரரும் ஒரே லாரிக்குத்தான் காத்திருக்கிறோம்.

2019 கோடை இன்னும் நினைவிருக்கிறது. ஏரிகளெல்லாம் கிரிக்கெட் மைதானமாகிவிட்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அதுவும் காவிரித் தண்ணீர். எங்கள் தண்டவாளத்தில், ஆவடி தாண்டி, அம்பத்தூர் தாண்டி, வில்லிவாக்கத்தில் போய் நின்றது. அங்கிருந்து குழாய் வைத்துக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். கல்யாண ஊர்வலம் நம் தெரு வழியாகப் போகிறது, பந்தி வேறு தெருவில் என்றால் எப்படி இருக்கும்? பிளாட்பாரத்தில் நின்று மாலை போட்ட அந்த வண்டியை வேடிக்கை பார்த்தோம். கையில் குடம் வைத்திருந்த ஓர் அம்மாள் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அன்று ராத்திரி சகலை போன் செய்தார். "சகலை, உங்க ஊருக்கு ரயில்ல தண்ணி போகுதாமே, டி.வி.யில காட்டறான்" என்றார். இரக்கப்பட்டுத்தான் பேசினார், அதில்தான் கோபம்.

காலம் சுழன்றது. 2024 மார்ச்சில் பெங்களூர் வறண்டது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அடுக்குமாடிக் குழாய்களின் முனையில் சல்லடை மாட்டச் சொன்னார்கள். சகலை வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல ஒரு சத்தம் வந்தது, தண்ணீர் அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஷாம்பு போட்டுக் கார் குளிப்பாட்டுபவர், ஈரத்துணியால் கண்ணாடியை மட்டும் ஒற்றி எடுத்தார். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் குரலைத் தாழ்த்திக்கொண்டு போன் செய்தார்.

"சகலை, இந்தத் தண்ணி லாரி வந்தா என்ன செய்யணும்? நீங்க அனுபவஸ்தர்."

என் கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து நின்று பேசினேன். "லாரி வர்றதுக்கு முன்னாடியே சம்ப்பு மூடியைத் திறந்து வைங்க. வந்தப்புறம் கம்பி தேடினா அவன் கிளம்பிடுவான். ஓஸ் நுனியை நீங்களே பிடிங்க, பையன்கிட்ட விட்டா பாதி ரோட்டுக்குப் போகும். டிரைவருக்கு டீக்காசு முதல்ல கொடுங்க, கடைசில கொடுத்தா அது டிப்ஸு, முதல்ல கொடுத்தா அது மரியாதை. லாரி வர்ற நேரத்துல மட்டும் குளிக்கப் போகாதீங்க, சோப்பு போட்ட உடனே ஹார்ன் அடிப்பான்." சகலை குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. மனைவி பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் தெரிந்ததைப் பெருமை என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு மாதிரியும் எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் இல்லாத கதை இப்படி என்றால், இருக்கிற கதை இன்னும் மோசம். 2022 செப்டம்பரில் பெங்களூரில் வெள்ளம் வந்தபோது, வெளிவட்டச் சாலைப் பக்கம் ஐ.டி.காரர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு டிராக்டரில் ஆபீஸ் போனதை நாடே பார்த்தது. நான் அதைக் கண்ணாரப் பார்த்தேன், சேமித்தும் வைத்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எங்கள் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. பட்டறையில் கணக்குப் புத்தகங்கள் மேஜை மேலும், மேஜை நாற்காலிகள் மேலும், நான் அவற்றுக்கு மேலும் ஏறினோம். சகலை தானும் சேமித்துவைத்திருந்த ஒரு படத்தை அனுப்பினார், சென்னையில் படகு போகும் படம். டிராக்டரா படகா என்று பார்த்தால் நாங்கள் இன்னும் கொஞ்சம் முன்னேறியவர்கள் என்றே தோன்றுகிறது. நவம்பர் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. ஏரியைத்தான் விசாரிப்பார்கள். செம்பரம்பாக்கம் நிரம்பினால் 24 அடி. "இருபத்து ரெண்டு வந்துடுச்சாமே" என்றால் "சாப்பிட்டாச்சா" என்று அர்த்தம். பெங்களூர் ஏரிகள் இந்த விஷயத்தில் வேறு ரகம். அங்கே பெல்லந்தூர் ஏரி நுரைத்தது, பிறகு தீப்பிடித்தும் எரிந்தது. ஏரி எரிவதை அணைக்க எங்கிருந்து தண்ணீர் எடுப்பார்கள் என்று சகலையிடம் கேட்டேன். போனை மனைவியிடம் கொடுக்கச் சொன்னார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எம்.டி.ஆர்., 1924-இல் ஆரம்பித்தது, ரவா இட்லி அவர்கள் கைவண்ணம். காந்தி பஜாரில் வித்யார்த்தி பவன், 1943-இலிருந்து தோசை. இரண்டிடத்திலும் வரிசையில் நின்று வயிறாரச் சாப்பிட்டு, சகலையையே பில் கொடுக்கவும் விட்டிருக்கிறேன். ஆனால் சாம்பாரில் வெல்லம் போடும் ஊருக்கு முதலிடம் கொடுத்தவர்கள் நாக்கைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இந்த வழக்கில் பாரபட்சமில்லாத நீதிபதி ஒருவர் உண்டென்றால் அது என் மாமியார். வருஷத்தில் பாதி இங்கே, பாதி அங்கே. அவர் எந்த மாதம் எங்கே இருக்கிறார் என்பதைக் கவனித்தாலே அமைச்சகத்துக்கு அத்தனை செலவு மிச்சமாகியிருக்கும். மார்கழியும் தையும் அம்பத்தூரில். திருமுல்லைவாயில் கோவில், திருவேற்காடு அம்மன், காலையில் லேசான பனி, தலையில் மப்ளர். பங்குனி பிறந்ததும் "சின்னவளைப் பார்க்கணும்போல இருக்கு" என்பார். அந்தப் பாசம் சரியாக வெயிலோடு ஏறி வெயிலோடு இறங்கும். ஆடியில் திரும்பி வருவார், பெங்களூர் சாரலில் முட்டி வலிக்கிறது என்று. ஏரி இருபது அடி தொட்டதும் மறுபடி சின்னவள் நினைவு வரும். இப்படி நடுவில் ரயிலேறி ரயிலிறங்கியே அந்தப் பாதையில் எந்த ஸ்டேஷனில் எந்த வடை நன்றாக இருக்கும் என்பதுவரை அத்துப்படி.

போன தீபாவளிக்கு எல்லோரும் ஒரே வீட்டில் கூடியிருந்தோம். நான் 'வாழ்க்கைத் தரம்' என்று ஆரம்பிக்க, சகலை 'பொருளாதாரத் திறன்' என்று முடிக்க, பேச்சு வழக்கமான இடத்துக்கு வந்து நின்றது. ஓய்வு பெற்ற பிறகு எந்த ஊரில் இருப்பது? நாங்கள் பெங்களூர் போவதா, அவர்கள் அம்பத்தூர் வருவதா? மனைவியும் மைத்துனியும் ஆளுக்கொரு பக்கம். "மாமா, அக்காவை அந்த வெயில்ல இன்னும் எத்தனை வருஷம் வைச்சிருப்பீங்க?" என்றாள் மைத்துனி. கடைசியில் அத்தையே சொல்லட்டும் என்று விட்டோம்.

மாமியார் முறுக்கைக் கடிக்க முடியாமல் உடைத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்: "மாப்பிள்ளை, அன்னிக்கு உங்க ஊருக்கு ரயில்ல தண்ணி எங்கேருந்து வந்தது?"

"ஜோலார்பேட்டையிலேருந்து அத்தை."

"அங்கே குளிருமா?"

"பக்கத்துல ஏலகிரி மலை இருக்கு. சாயங்காலமா பரவாயில்லாம இருக்கும்."

"வண்டி நிக்குமா?"

"நிறைய வண்டி நிக்கும் அத்தை. ஜங்ஷன்."

"அப்புறம் ஏன் இந்த ரெண்டு ஊரைக் கட்டிக்கிட்டு அழறீங்க? ஊருக்கே தண்ணி அனுப்புற அளவுக்கு வைச்சிருக்கிற இடத்துக்குப் போக வேண்டியதுதானே? எனக்கும் ரெண்டு பொண்ணும் வந்துபோக வசதி."

யாரும் பேசவில்லை. சகலை செல்போனை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனார். மனை விலை பார்க்கத்தான் போனார் என்று எனக்குப் பலமான சந்தேகம். ஆகவே ஜோலார்பேட்டைப் பக்கம், ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில், நல்ல கிணறு உள்ள சின்ன மனை ஏதாவது விலைக்கு வந்தால் தெரிந்தவர்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடிந்தவரை சகலைக்கு முன்னால்.